வெள்ளந்தி வழி

நுழையும்முன்

ஒருவரை 'வெள்ளந்தி' என்று சொல்லும்போது அதில் பாராட்டும் இருக்கலாம், இரக்கமும் இருக்கலாம், சில வேளைகளில் ஏளனமும் இருக்கலாம். இதே பொருளுடைய ஒரு சொல் கணினித் துறையிலும் நாள்தோறும் வழங்குகிறது. ஆனால் அங்கு அது வசைச்சொல் அன்று. கொல்கத்தா நகரத்தின் அறிவியல் வரலாற்றோடும் அன்றாட வாழ்வோடும் இணைத்து, அச்சொல்லின் பொருளை ஆராய்கிறது இப்பாடம்.

சொல்லின் இடப்பெயர்ச்சி

மனிதர்களுக்கு இருப்பது போலவே சொற்களுக்கும் இடப்பெயர்ச்சி உண்டு. 'வெகுளி' என்னும் சொல் அதற்கு நல்ல சான்று. தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் வெகுளியும் ஒன்று. அங்கு அதன் பொருள் சினம். திருக்குறளின் 31ஆம் அதிகாரமாகிய 'வெகுளாமை', சினம் கொள்ளாதிருத்தலைப் பற்றியது. ஆனால் இன்று ஒரு பாட்டி தன் பேரனைப் பற்றி, "அவன் ஒரு வெகுளி" என்று சொன்னால், அவனைக் கோபக்காரன் என்று எவரும் கருதுவதில்லை. சூதுவாது அறியாதவன், பிறர் சொல்வதை அப்படியே நம்புகிறவன் என்றே பொருள் கொள்வர்.

'பேதை' என்னும் சொல்லுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. பெண்ணின் ஏழு பருவங்களுள் முதலாவது, ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு வயது வரையிலான பருவம், பேதைப் பருவம் எனப்படும். அந்த வயதில் அறியாமை இயல்பு, அழகும்கூட. ஆனால் திருக்குறளின் 84ஆம் அதிகாரமாகிய 'பேதைமை' அதனை ஒரு பெருங்குறையாகவே காட்டுகிறது. கெடுதி தருவதைப் பற்றிக்கொண்டு, பயன் தருவதை நழுவவிடும் இயல்பே அங்குப் பேதைமை.

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குழந்தைகளின் காதில் 'ஷொரொல்' என்னும் வங்கச் சொல் விழுந்திருக்கும். கள்ளங்கபடமற்ற மனிதரை வங்காளிகள் அச்சொல்லால் குறிப்பர். கணித வகுப்பில் நேர்கோட்டை 'ஷொரொல்ரேகா' என்பர். வளைவில்லாத கோட்டுக்கும் வளைவில்லாத மனத்துக்கும் ஒரே சொல். வடமொழியின் 'சரள' என்பதே அதன் மூலம். "அவள் சரளமாகப் பேசுகிறாள்" என்று தமிழர் சொல்லும் 'சரளமும்' அவ்வேரிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தார் இதே குணத்தை 'நையீவ்' என்பர். அது பிரெஞ்சு மொழியின் வழியாக வந்த சொல். பிறப்போடு வந்தது, இயற்கையானது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே அதன் மூலம்.

ஆக, இச்சொற்களுள் ஒன்று நேர்மையைச் சுட்டுகிறது. ஒன்று பிறவி இயல்பைச் சுட்டுகிறது. ஒன்று அறியாமையைச் சுட்டுகிறது. அப்படியானால் வெள்ளந்தியாக இருப்பது நன்றா, தீதா? அது எந்த இடத்தில் பேதைமையாக மாறுகிறது? இவ்வினாவுக்கு விடை தேடும்போது, கொல்கத்தாவில் பணியாற்றிய ஒரு தமிழரின் வாழ்க்கை முதலில் நினைவுக்கு வருகிறது.

கடல் ஏன் நீலமாக இருக்கிறது?

திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சி. வி. இராமன், 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு 19 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. பௌபஜார் தெருவின் 210ஆம் எண்ணுள்ள கட்டடத்தில் 'இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்' இருந்தது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய கழகம் அது. டிராமில் சென்றபோது அதன் பெயர்ப்பலகையைக் கண்ட இராமன், உள்ளே சென்று ஆய்வு செய்ய இடம் கேட்டார். அதன்பின் அலுவலகத்துக்குச் செல்லும் முன்னும், அலுவலகம் முடிந்த பின்னும் அவர் அங்கேயே உழைத்தார். 1917-இல் உயர்ந்த ஊதியமுள்ள அரசுப் பணியைத் துறந்து, கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியரானார்.

1921-இல் அவர் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று அவர் வினவினார். இது ஐந்து வயதுக் குழந்தை கடற்கரையில் கேட்கும் கேள்வி. அக்காலத்தில் அதற்கு விடையும் இருந்தது. நோபல் பரிசு பெற்ற பேரறிஞரான ராலே, கடலின் நீலம் வானத்து நீலத்தின் எதிரொளிப்பே என்று கருதியிருந்தார். கற்றறிந்தவர்கள் பலர் அவ்விடையோடு அமைதி அடைந்தனர். விடை தெரிந்த கேள்வியை மீண்டும் கேட்பது அறியாமையின் அடையாளம் என்று எண்ணும் வழக்கம் எக்காலத்தும் உண்டு.

இராமன் அவ்வாறு எண்ணவில்லை. அவர் கையில் நிக்கல் பட்டகம் என்னும் சிறு ஒளிக்கருவி இருந்தது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் பட்டு எதிரொளிக்கும் ஒளி, ஒரே தளத்தில் மட்டும் அதிரும். அத்தகைய ஒளியை அப்பட்டகத்தால் தடுத்துவிட முடியும். இராமன் அக்கோணத்தில் கடலை நோக்கினார். எதிரொளித்த வான ஒளி மறைந்தது. ராலேயின் கருத்துச் சரியாக இருந்திருந்தால், நீலமும் அதனோடு மறைந்திருக்க வேண்டும். ஆனால் மறையவில்லை, முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்னும் முடிவுக்கு அவர் வந்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும், அதுபற்றிய குறிப்பை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார்.

கொல்கத்தா திரும்பிய பின்னும் அக்கேள்வி அவரை விடவில்லை. நீர்மங்களில் ஒளி சிதறுவதைப் பற்றிய ஆய்வு ஏழு ஆண்டுகள் தொடர்ந்தது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் அவ்வாய்வில் துணை நின்றார். சிதறிய ஒளியின் ஒரு சிறு பகுதி தன் நிறம் மாறி வெளிவருவதை அவர்கள் கண்டனர். 1928 பிப்ரவரி 28 அன்று உறுதியான அக்கண்டுபிடிப்பே 'இராமன் விளைவு'. 1930-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்நாள் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். இராமனின் கேள்வி வெள்ளந்தியானது. ஆனால் அவருடைய நம்பிக்கை வெள்ளந்தியானது அன்று. அவர் ராலே சொன்னதை அப்படியே ஏற்கவில்லை. தம் கண்ணுக்குத் தெரிந்ததையும் அப்படியே ஏற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டகத்தை வைத்துச் சோதித்தார்.

சணல் வயலும் தற்செயல் எண்ணும்

இராமன் கொல்கத்தாவில் வாழ்ந்த காலத்திலேயே, பிரசிடென்சி கல்லூரியில் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் என்னும் இயற்பியல் பேராசிரியர் இருந்தார். 1931-இல் அவர் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் முதலில் அக்கல்லூரியிலேயே இயங்கியது. பின்னர்ப் பராநகருக்கு மாறியது.

அந்நாளில் வங்கத்தின் செல்வம் சணல். ஹூக்ளி ஆற்றின் இருகரையிலும் சணல் ஆலைகள் நிறைந்திருந்தன. எவ்வளவு நிலத்தில் சணல் பயிராகியுள்ளது என்பதை அறுவடைக்கு முன்பே அறிய வேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, மாநிலத்தின் ஒவ்வொரு வயலையும் நேரில் சென்று கணக்கிடுவது. அது முழுமையான வழி. ஆனால் பெரும் பொருளும் நீண்ட காலமும் வேண்டும். கணக்கு முடிவதற்குள் பயிரே அறுவடையாகிவிடும். இரண்டாவது, அனுபவசாலி ஒருவர் 'இவை பொதுநிலையைக் காட்டும் வயல்கள்' என்று சிலவற்றைத் தேர்ந்தெடுப்பது. இது அறிவுடைய வழியாகத் தோன்றும். ஆனால் அவருடைய கால்கள் சாலையோர வயலுக்கே செல்லும். கண்கள் செழித்த பயிரையே நாடும். சேறும் முள்ளும் நிறைந்த மூலை வயல் கணக்கில் சேராது.

1930களின் பிற்பகுதியில் மகாலனோபிஸ் மூன்றாம் வழியைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தினார். எந்த நிலத்தை அளப்பது என்பதை மனிதர் முடிவு செய்யவில்லை. தற்செயல் எண்களின் பட்டியல் முடிவு செய்தது. எண் காட்டிய இடம் சதுப்பாக இருந்தாலும், ஆற்றின் மறுகரையாக இருந்தாலும் பணியாளர் அங்கேதான் செல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டு நாட்டின் விளைச்சலை அறிவதா என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் அந்தக் குலுக்கலுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. அனுபவசாலியின் கண்ணில் இருந்த சாய்வு அதில் இல்லை. தற்செயல் முறையில் எடுத்த சிறு மாதிரியிலிருந்து பெரும் பரப்பின் நிலையை மதிப்பிடலாம். அம்மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லலாம்.

மகாலனோபிஸ் இன்னோர் ஏற்பாட்டையும் செய்தார். ஒரே பகுதியை இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஆய்வு செய்யுமாறு மாதிரிகளைப் பிரித்து அமைத்தார். இரண்டு குழுக்களின் முடிவுகளும் நெருங்கியிருந்தால் நம்பலாம். விலகியிருந்தால் எங்கோ பிழை உண்டு. பணியாளர்களை அவர் நம்பினார். அந்நம்பிக்கையைச் சரிபார்க்கும் வழியையும் உடன் வைத்தார். பின்னாளில், 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இந்த அனுபவத்தின் மீதே எழுந்தது.

இவ்வாய்வுகளுக்குப் பெருங்கணக்குகள் தேவைப்பட்டன. கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் கணக்கு எந்திரங்களோடு பலர் வரிசையாக அமர்ந்து கூட்டிப் பெருக்கினர். 'கம்ப்யூட்டர்' என்னும் ஆங்கிலச் சொல் அக்காலத்தில் அத்தகைய மனிதர்களையே குறித்தது. 1950களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மின்னணுக் கணினி அந்நிறுவனத்தில் இயங்கத் தொடங்கியது. இந்தியாவுக்கு வந்த முதல் மின்னணுக் கணினி அதுவே. அன்று கொல்கத்தாவின் ஓர் அறைக்குள் இருந்த கணினி, இன்று அந்நகரத்துச் சிறுவர்களின் சட்டைப்பையில் இருக்கிறது.

பந்தலிலிருந்து பந்தலுக்கு

கணினித் துறையில் 'நையீவ் முறை' என்றால் என்ன? ஒரு சிக்கலைக் கண்டவுடன் எவருக்கும் முதலில் தோன்றும் நேரடியான வழி அது. அதில் தந்திரம் இல்லை, குறுக்குவழி இல்லை. தமிழில் அதை 'வெள்ளந்தி முறை' என்று அழைத்தால் பொருந்தும்.

துர்க்கை பூசை நாள்களில் கொல்கத்தாக் குழந்தைகள் பந்தல் பந்தலாகச் சுற்றுவது வழக்கம். வங்காளிகள் சொல்லும் 'பேண்டல்', தமிழின் 'பந்தல்' ஆங்கிலத்தின் வழியாக அங்குச் சென்றதே. பாக்பஜார், காலேஜ் ஸ்கொயர், முகமது அலி பார்க், சந்தோஷ் மித்ரா ஸ்கொயர், தேசப்பிரிய பார்க் என்று வடக்கும் தெற்குமாகப் பத்துப் பந்தல்களைக் காண ஒரு குடும்பம் விரும்புகிறது என்று கொள்வோருக்கு ஒரு சிக்கல் எழுகிறது. எந்த வரிசையில் சென்றால் நடை குறையும்?

வெள்ளந்தி முறை இவ்வாறு சொல்லும்: "எல்லா வரிசைகளையும் எழுது. ஒவ்வொன்றின் தொலைவையும் கூட்டு. மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடு." இதில் தவறே நேராது. ஆனால் பத்துப் பந்தல்களைச் சுற்றும் வரிசைகள் 36,28,800. வரிசைக்கு ஒரு நொடி என்று கணக்கிட்டால், உண்ணாமல் உறங்காமல் 42 நாள் வேண்டும். அதற்குள் பூசையும் முடிந்து தீபாவளியும் கடந்திருக்கும். நொடிக்கு ஒரு கோடி வரிசைகளைச் சோதிக்கும் கணினியிடம் கொடுத்தால், அரை நொடிக்குள் விடை வந்துவிடும். ஆனால் பந்தல்களின் எண்ணிக்கையை 15 ஆக்கினால், அதே கணினிக்கு ஒன்றரை நாள் ஆகும். 20 ஆக்கினால் 7,700 ஆண்டுகள் ஆகும். பந்தல்கள் இருமடங்குதான் ஆயின; வேலையோ கற்பனைக்கு எட்டாத அளவு பெருகிவிட்டது.

இன்னொரு வழியும் எளிதில் தோன்றும். "இருக்கும் இடத்திலிருந்து எது மிக அருகிலோ அங்கே செல், பிறகு அங்கிருந்து எது அருகிலோ அங்கே செல்." இது விரைவானது. ஆனால் எப்போதும் சரியான விடை தராது. ஒரே நேர்ச்சாலையில் வடக்கே 1 கி.மீ. தொலைவில் ஒரு பந்தல், வடக்கே 5 கி.மீ. தொலைவில் மற்றொன்று, தெற்கே 2 கி.மீ. தொலைவில் மூன்றாவது இருப்பதாகக் கொண்டால் இது விளங்கும். அருகில் இருப்பதையே நாடிச் செல்பவர் முதலில் வடக்கே 1 கி.மீ. நடப்பார். பிறகு 3 கி.மீ. தெற்கே வருவார். இறுதியில் 7 கி.மீ. வடக்கே போவார். மொத்தம் 11 கி.மீ. முதலிலேயே தெற்கே சென்று திரும்பி, வடக்கு நோக்கி நடப்பவருக்கு 9 கி.மீ. போதும்.

முதல் முறை கணினியின் வேகத்தை அளவுக்கு மீறி நம்புகிறது. இரண்டாவது, கண்ணெதிரே இருப்பதை அளவுக்கு மீறி நம்புகிறது. இரண்டுமே ஒருவகை வெள்ளந்திகள். ஆயினும் நிரல் எழுதுவோர் அவற்றை இகழ்வதில்லை. புதிய சிக்கல் வந்தால் முதலில் வெள்ளந்தி முறையையே எழுதிப் பார்க்கின்றனர். சிக்கலை உண்மையிலேயே புரிந்துகொண்டோமா என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெளிவாகும். பின்னர் விரைவான, நுட்பமான முறை ஒன்றை உருவாக்குவர். அது சரியாக இயங்குகிறதா என்று எப்படி அறிவது? ஐந்தாறு பந்தல்கள் போன்ற சிறு கணக்குகளை இரண்டு முறைகளிடமும் கொடுப்பர். விடைகள் மாறுபட்டால் பிழை பெரும்பாலும் நுட்பமான முறையில்தான் இருக்கும். எல்லா வரிசைகளையும் சோதிக்கும் வெள்ளந்தி, மெதுவாக நடந்தாலும் கெட்டிக்காரருக்கு உரைகல்லாக நிற்கிறது.

சொற்களுக்குள் உறவில்லை என்று கொள்ளும் முறை

கணினித் துறையில் வெள்ளந்தி என்பதைத் தன் பெயரிலேயே சூடிக்கொண்ட ஒரு முறை உண்டு. அதன் பெயர் 'நையீவ் பேயஸ்'. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேயஸ் என்னும் சமயப் போதகர், நிகழ்தகவு பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அவர் மறைந்த பின் 1763-இல் அது வெளியாயிற்று. புதிய சான்று கிடைக்கும்போது முன்பிருந்த கருத்தை எந்த அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். மின்னஞ்சலில் வரும் குப்பை அஞ்சல்களைப் பிரித்தெடுக்க அக்கருத்துப் பயன்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். 100 செய்திகளில் 40 குப்பை, 60 நல்லவை என்று கொள்க. 'பரிசு' என்னும் சொல் குப்பைச் செய்திகளுள் 20-இல் வருகிறது. நல்லவற்றுள் 3-இல் வருகிறது. 'உடனே' என்னும் சொல் குப்பைகளுள் 20-இல் வருகிறது. நல்லவற்றுள் 12-இல் வருகிறது. இப்போது இரண்டு சொற்களும் உடைய புதிய செய்தி ஒன்று வருகிறது. அது குப்பையா, நல்லதா?

நையீவ் பேயஸ் முறை ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்துப் பெருக்குகிறது. குப்பையின் பக்கம்: 40 × ½ × ½ = 10. நல்லதன் பக்கம்: 60 × 1/20 × 1/5 = 0.6. இரண்டும் சேர்ந்து 10.6, அதில் 10 குப்பையின் பக்கம். ஆகவே அது குப்பை என்பதற்கு 94 விழுக்காடு வாய்ப்பு என்று கணினி தீர்ப்பளிக்கிறது.

இதில் வெள்ளந்தித்தனம் எங்கே இருக்கிறது? 'பரிசு', 'உடனே' ஆகிய சொற்களுக்குள் எந்த உறவும் இல்லை என்று அம்முறை கொள்கிறது. உண்மையில் உறவு உண்டு. ஏமாற்றுவோரின் செய்தியில் "பரிசைப் பெற உடனே அழையுங்கள்" என்று அவை இணைபிரியாமல் வருகின்றன. பரிசு என்ற சொல் உள்ள 20 குப்பைகளிலும் 3 நல்ல செய்திகளிலும் 'உடனே' என்பதும் சேர்ந்தே வந்திருந்தால், சரியான கணக்கு 20-க்கு 3. அதாவது 87 விழுக்காடு. தீர்ப்பு மாறவில்லை; அது குப்பைதான். ஆனால் கணினி தனக்கு இருக்க வேண்டியதை விட மிகுந்த உறுதியோடு பேசிவிட்டது.

இம்முறையின் இயல்பே இதுதான். பெரும்பாலும் சரியாகத் தீர்ப்பளிக்கும். தன் தீர்ப்பைப் பற்றி அளவுக்கு மீறி உறுதி கொள்ளும். இக்குறையை அறிந்துகொண்டே அறிஞர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர். எளிமை, வேகம், சிறிதளவு தரவே போதும் என்னும் சிக்கனம் ஆகியவை அதன் நன்மைகள். எந்த இடத்தில் அது தவறும் என்பதை அதன் பெயரே முன்கூட்டி அறிவித்துவிடுகிறது. தன் குறையைப் பெயரிலேயே எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் மனிதரிடம் அரிது.

கேள்வியும் நம்பிக்கையும்

மேற்கண்ட நிகழ்ச்சிகள் அனைத்திலும் ஒரு பொதுமை உண்டு. இராமனின் கேள்விக்குப் பின்னால் ஒரு பட்டகம் இருந்தது. மகாலனோபிஸின் குலுக்கலுக்குப் பின்னால் இரண்டாம் குழு இருந்தது. கணினியின் வெள்ளந்தி முறைக்குப் பின்னால், அதன் எல்லையை அறிந்த நிரலாளர் இருக்கிறார். வெள்ளந்தியும் சோதனையும் சேர்ந்து நடந்த இடத்தில் அறிவு வளர்ந்தது. சோதனை விலகிய இடத்தில்தான் வெள்ளந்தி பேதைமையாக மாறுகிறது.

அன்றாட வாழ்வில் இதற்குச் சான்று தொலைபேசியிலேயே உண்டு. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைக்கிறார். கணக்கு முடங்கிவிடும் என்கிறார். ஒருமுறைக் கடவுச்சொல்லை உடனே சொல்லுமாறு அவசரப்படுத்துகிறார். இன்னொருவர் காவல்துறைச் சீருடையில் காணொளியில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டுகிறார். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. எனினும் படித்தவர்களும் முதியவர்களும் அதை நம்பிப் பணத்தை இழக்கின்றனர். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். சோதித்துப் பார்க்கும் அவகாசத்தை ஏமாற்றுகிறவர் பறித்துவிடுகிறார். 'உடனே' என்னும் சொல்லைக் கண்டதும் கணினி எச்சரிக்கை அடையக் கற்றுக்கொண்டது. மனிதரும் அதைக் கற்கலாம். அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கியின் எண்ணைத் தாமே தேடி அழைப்பது ஒரு பட்டகம். வீட்டில் இன்னொருவரிடம் சொல்லிக் கருத்துக் கேட்பது ஓர் இரண்டாம் குழு. பணம் பறிபோனால் 1930 என்னும் தேசிய இணையக்குற்ற உதவி எண்ணை விரைந்து அழைப்பது நன்று.

ஆனால் ஏமாந்தவர் பலர் அவ்வெண்ணை அழைப்பதில்லை, வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை. "இதைக்கூட நம்பினாயா?" என்னும் நகைப்புக்கு அஞ்சுகின்றனர். அந்நகைப்பு ஏமாற்றியவருக்கே துணையாக முடிகிறது.

அதே நகைப்பு வகுப்பறையிலும் உண்டு. புதிதாகக் கொல்கத்தாவுக்கு வந்த ஒரு தமிழ்ச் சிறுமி, தோழி ஒருத்தி "ஜொல் காபோ" என்று சொல்வதைக் கேட்கிறாள். 'ஜொல்' என்றால் தண்ணீர். 'காபோ' என்றால் உண்பேன். தண்ணீரை உண்பார்களா என்று கேட்க அவளுக்கு நா எழுகிறது. கேட்டால் சிரிப்பார்களோ என்று அஞ்சி வாய்மூடிக்கொள்கிறாள். அவள் கேட்டிருந்தால், உண்பதற்கும் பருகுவதற்கும் வங்காளிகள் அன்றாடப் பேச்சில் ஒரே வினைச்சொல்லை வழங்குகின்றனர் என்பதை அறிந்திருப்பாள். அதனினும் பெரிய வியப்பு ஒன்றும் அவளுக்குக் காத்திருந்தது. லேக் மார்க்கெட் பகுதியில் இருக்கும் தமிழ் வீடுகளில், விருந்தினரிடம் "காப்பி சாப்பிடுகிறீர்களா?" என்றுதானே கேட்கிறார்கள்! பிறர் மொழியை நோக்கி எழுந்த வெள்ளந்திக் கேள்வி, தன் மொழியில் அதுவரை கவனிக்காத ஒன்றைக் காட்டித் தந்திருக்கும்.

வெள்ளந்தியான கேள்வியால் இழக்கக்கூடியது சிறிது நேரப் பெருமை மட்டுமே. வெள்ளந்தியான நம்பிக்கையால் சேமிப்பு முழுவதையும் இழக்க நேரலாம். ஆனால் நடைமுறையில் பலர் இதை மாற்றிச் செய்கின்றனர். கேள்வி கேட்கக் கூசுகின்றனர், கேட்காமலே நம்பிவிடுகின்றனர். வீடு பெயர்ந்து, மொழி பெயர்ந்து, புதிய ஊரில் வளரும் பிள்ளைகளுக்குத் தெரியாதவை மிகுதி. ஆகவே கேட்பதற்கு உரியவையும் மிகுதி. அவ்வூரில் பிறந்தவர்கள் பழக்கத்தால் காணாமல் விட்டவை அவர்கள் கண்ணில் படும். ஏழு ஆண்டு உழைப்புக்கும் ஒரு நோபல் பரிசுக்கும் வித்தாக இருந்தது, கடலைக் கண்டு வியந்து கேட்ட ஒற்றைக் கேள்வியே.

கற்பவை கற்றபின்

1. 'வெகுளி' போலப் பழந்தமிழில் ஒரு பொருளும் இன்று வேறொரு பொருளும் தரும் சொற்கள் மூன்றினை உங்கள் பெற்றோர் அல்லது ஆசிரியர் துணையுடன் கண்டறிந்து எழுதுக.

2. நான்கு பந்தல்களைச் சுற்றுவதற்கு எத்தனை வரிசைகள் உள்ளன? அனைத்தையும் எழுதிக் காட்டுக.

3. நீங்கள் வாழும் ஊரின் மொழியில் உங்களுக்கு வியப்பளித்த ஒரு சொல்வழக்கைக் குறிப்பிட்டு, அதனைப் பற்றி அவ்வூர் நண்பர் ஒருவரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக. அதற்கு இணையான வழக்குத் தமிழில் உண்டா என்றும் ஆராய்க.